சாரலில் வாங்கி வெயிலில் குடியுங்கள்!

குற்றாலத்தில் பேரருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு வருகிறீர்கள். அந்த நேரம் பார்த்து யாராவது எலுமிச்சை சர்பத்தை நீட்டினால் வாங்கிக்கொள்வீர்களா? "ஐயையோ, சூடாகக் காபி இருந்தால் கொடுங்கள்" என்பீர்கள். ஊரெல்லாம் இதே கதைதான். சாரல் நாளில் எலுமிச்சை விலை இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தென்காசியிலிருந்து இராஜபாளையம் போகும் சாலையில், கடையநல்லூரைத் தாண்டினால் புளியங்குடி. 'எலுமிச்சை நகரம்' என்றே அதற்குப் பெயர். சித்திரை வெயிலில் ஒற்றைப் பழத்துக்குப் பேரம் பேசும் நாம், மழை நாளில் பை நிறைய வாங்கிவிடலாம். வாங்கி என்ன செய்வது? ஸ்குவாஷ் செய்து வையுங்கள்.

யோசனை புதிதல்ல. சாராயம் சேர்க்காமல், சர்க்கரை போட்டு எலுமிச்சைச் சாற்றைப் பாதுகாக்கும் முறைக்கு ஸ்காட்லாந்துக்காரர் லாக்லன் ரோஸ் 1867-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கப்பல்காரர்களை ஸ்கர்வி நோய் வாட்டிய காலம் அது.

1 கிலோ சர்க்கரையை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகே அரை லிட்டர் சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் விட்டால் வைட்டமின் 'சி' வீணாகும். பித்தளை, அலுமினியப் பாத்திரம் கூடாது. பழத்தை அழுத்திப் பிழியாதீர்கள். முதல் தடவை நான் சிக்கனம் பார்த்துத் தோல் கசங்கும் வரை பிழிந்தேன். மறுநாள் பாட்டில் நிறையக் கஷாயம்! தோல், விதையின் கசப்பு வைத்திருக்க வைத்திருக்கத்தான் ஏறும்.

மாதக் கணக்கில் வைக்க வேண்டுமானால் இந்த அளவுக்கு 1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது தண்ணீரில் கரைத்துக் கலக்கலாம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அது வேண்டவே வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள்.

தண்ணீர் விட்டுக் குடிப்பதோடு முடித்துவிடாதீர்கள். நறுக்கிய வாழைப்பழம், ஆப்பிள் மேல் தெளித்தால் சீக்கிரம் கறுக்காது. ஜாமூன் பாகில் ஒரு கரண்டி விட்டால் பாகு உறையாது. நன்னாரியோடு சேர்த்தால் கேட்கவே வேண்டாம்! சூடான பாலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், திரிந்துவிடும்.

கடையில் வாங்குகிறவர்கள் லேபிளைப் பாருங்கள். ஸ்குவாஷ் என்றால் குறைந்தது 25 சதவீதம் பழச்சாறு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

சர்க்கரை வியாதிக்காரர் கண்ணில் படாமல் பாட்டிலை ஒளித்து வையுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி ஸ்குவாஷில் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. "எலுமிச்சைதானே!" என்று மாமனார் இரண்டாவது டம்ளர் கேட்பார், கொடுத்துவிடாதீர்கள்.