வீட்டு வரிக்குள் இருக்கும் நூலகப் பணம்

வீட்டு வரி ரசீதில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்களே அதிகம். அதற்குள் நூலக வரியும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாயோடும் 10 காசு நூலகத்துக்கென்று வசூலாகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948ஆம் ஆண்டின் மதராஸ் சட்டம் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. ஊருக்கு ஊர் வெயிலும் வெள்ளமும் கடுமையாகிவரும் இந்தக் காலத்தில், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க வரி கட்டிய எல்லோருக்கும் உரிமை உண்டு.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. 2024 அக்டோபரில் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. பேரிடர் என்றாலே பேச்சு நிவாரணத்துக்குப் போய்விடுகிறது. மழைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை எத்தனையோ: போன வெள்ளத்தில் எந்தத் தெருவில் எந்த உயரம்வரை தண்ணீர் நின்றது, எந்தப் பள்ளியில் முகாம், பட்டாவையும் சான்றிதழ்களையும் நனையாமல் காப்பது எப்படி, வெயிலில் எந்த நேரத்தில் வேலையை நிறுத்த வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து பேச, யாரும் காசு கொடுக்காமல் நுழையக்கூடிய இடம் கிளை நூலகம்தான். ஸ்பெயினின் பார்சிலோனா நகரம், வெயிலுக்கு ஒதுங்கும் காலநிலைப் புகலிடங்களின் பட்டியலில் நூலகங்களையும் சேர்த்திருக்கிறது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் நீடித்த வளர்ச்சியைத் தன் அடிப்படை விழுமியங்களில் ஒன்றாக ஏற்றது. பிறகு, காலநிலை பற்றி ஊர்மக்களோடு பேச சில நூலகங்களுக்குத் தலா 1,000 டாலர் கொடுத்தது. திரையிடலுக்கும் கலந்துரையாடலுக்கும் அந்தச் சிறு தொகை உதவியது. ஆனால் மானியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு காட்டியது. நூலகங்களுக்கு நிதி வழங்கும் மத்திய அமைப்பைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கிவிடச் சொல்லி 2025 மார்ச்சில் அதிபரின் ஆணை வந்தது; பல திட்டங்கள் நடுவழியில் தடுமாறின.

அந்த மானியத்தைப் போலன்றி, தமிழ்நாட்டு நூலக வரிக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. மாவட்டத்தின் நூலக ஆணைக்குழு சொற்பொழிவுகளும் வகுப்புகளும் நடத்தவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே காலநிலை நிகழ்ச்சிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில்: வரியை வசூலிப்பவை உள்ளாட்சி அமைப்புகள், அதை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பல ஊர்களில் பழைய கதை. மக்கள் ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது, எந்த நெருக்கடியைக் காரணம் காட்டினாலும், நியாயமாகாது.

இதைக் கேட்க வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு, உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு, நிலுவை எவ்வளவு? 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். கிராமங்களில் இதே கேள்வியைக் கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். மாவட்ட நூலக அலுவலரிடம், நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கியதும் செலவானதும் எவ்வளவு என்று தனி மனுவில் கேட்பது நல்லது.

பணத்துக்கு வேறு வாசல்களும் உண்டு. கொல்கத்தாவின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை கருத்தரங்குகளுக்கும் உதவுகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய 2 சதவீத லாபத்தைப் பொது நூலகம், சுற்றுச்சூழல், பேரிடர் மேலாண்மை ஆகியவற்றுக்கும் தரலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆற்றில் கழிவுநீர் விடும் ஆலையே ஆற்றைப் பற்றிய கண்காட்சிக்குப் பணம் தரக்கூடும். என்ன காட்டுவது, யார் பேசுவது என்பதை நூலகமும் அதன் வாசகர் வட்டமும்தான் முடிவு செய்யும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நன்கொடை யார் கொடுத்தாலும் ரசீது கட்டாயம்.

வாசகர் வட்டம் மனு கொடுக்கும்போது ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அது கோப்பிலேயே தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு வெள்ளத் தயார்நிலை வகுப்பு, மார்ச்சில் ஒரு வெயில் வகுப்பு, வார்டின் தாழ்வான இடங்களைக் குறித்த சுவர் வரைபடம், இவற்றுக்கான செலவுக் கணக்கு என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.