சிறுசேரிக்குப் பக்கத்தில் சுனாமி காட்டிக் கொடுத்த முருகன் கோவில்! ஒரே நாளில் போய்வர ஒரு சுற்று

சனிக்கிழமை ராத்திரி ஆனால் போதும். சாப்பிட உட்கார்ந்ததும் பிள்ளைகள் ஆரம்பித்துவிடும். “அப்பா, நாளைக்கு எங்கே போறோம்?”

ஊட்டி, கொடைக்கானல் என்றால் நாலு நாள் லீவு வேண்டும். கையில் பணம் வேண்டும். மாதக் கடைசியில் அதற்கு எங்கே போவது? கடைசியில் டி.வி. முன்னால் உட்கார்ந்தே ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம், தாம்பரம் வட்டாரத்துக்காரர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சிறுசேரியில் தொடங்கி சிறுசேரிக்கே திரும்ப மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர்தான்.

போகும்போது பழைய மகாபலிபுரம் சாலை. வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை. இரண்டுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய்.

இந்தச் சுற்றில் ஒரு விசேஷம் உண்டு. வழியெல்லாம் தண்ணீரின் கதைதான். கோவிலை மூடியதும் தண்ணீர். வெளியே காட்டியதும் தண்ணீர். கடைசியில், உங்கள் தெருவில் பெய்கிற மழை எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

முதலில் முருகன்

முதல் நிறுத்தம் திருப்போரூர் கந்தசாமி கோவில். சூரர்களோடு முருகன் கடலில் போர் செய்த இடம் திருச்செந்தூர், நிலத்தில் போர் செய்தது திருப்பரங்குன்றம், ஆகாயத்தில் போர் செய்தது இந்தப் போரூர் என்று சொல்வார்கள்.

17-ம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் இந்தக் கோவிலை எடுத்துக் கட்டினார். மூலவர் பனைமரத்தில் கிடைத்தவர் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதனால் அவருக்கு அபிஷேகம் கிடையாது.

சாமி கும்பிட்டுவிட்டு டிபனையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறுவதற்குள் மாமல்லபுரம் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

தாம்பரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு 515 பஸ் இருக்கிறது. வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-ல் வந்தது. அம்மாவும் பாட்டியும் கூட வந்தாலும் செலவு கையைக் கடிக்காது.

கல்லிலே கலைவண்ணம்

மாமல்லபுரத்தை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் பார்த்தாச்சு என்பார்கள். ஆனால் வரிசையில் நின்று, வாத்தியார் விரட்ட விரட்டப் பார்த்தது வேறு. நிதானமாகப் பார்ப்பது வேறு.

ஐந்து ரதங்கள் கட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிச் செய்தது. கடற்கரைக் கோவில் அப்படியல்ல. அது கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. ராஜசிம்ம பல்லவன் காலத்து வேலை. சுமார் 1,300 வருஷமாகக் கடல் காற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. 1984-ல் யுனெஸ்கோ இந்த ஊரின் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு மட்டும்தான் டிக்கெட்.

அலை கிளப்பிவிட்ட கல்வெட்டு

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு செய்கிறார்கள். வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் இருக்கிறது.

அங்கே இருக்கும் புலிக்குகையில் புலி கிடையாது. பாறையைச் சுற்றி இருப்பவை யாளித் தலைகள். அதையும் பார்க்கலாம். ஆனால் பார்த்தே ஆக வேண்டியது பக்கத்தில் இருக்கும் முருகன் கோவில்.

2004 டிசம்பர் 26. சுனாமி அலை கரையைப் புரட்டிப் போட்ட நாள். எத்தனையோ குடும்பங்களை வாரிக்கொண்டு போன அதே அலை, இங்கே ஒரு பாறையை மூடியிருந்த மணலையும் வாரிக்கொண்டு போனது. பாறையில் கல்வெட்டு எழுத்து!

எழுத்தைப் படித்த தொல்லியல் துறையினர் திகைத்துப்போனார்கள். இந்த இடத்தில் ஒரு சுப்பிரமணியர் கோவில் இருந்ததாகக் கல்வெட்டு சொன்னது. கோவிலோ கண்ணில் படவில்லை. ஒரு மணல்மேடுதான் இருந்தது.

2005-ல் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலத்துக் கல் கட்டடம். அதற்கும் அடியில் பெரிய பெரிய செங்கல்லால் கட்டிய இன்னொரு கோவில்! வாசலில் கல்லில் செய்த வேல். செங்கல் கோவில் சங்க காலத்தைச் சேர்ந்தது என்பது தோண்டிய அறிஞர்களின் கருத்து. பழைய காலத்திலும் கடல் பொங்கி இந்தக் கோவிலை அழித்திருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இங்கே கிடைத்த கல்வெட்டுகளில் ஒன்று, கோவிலில் விளக்கு எரிப்பதற்குப் பொன் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. விளக்கு அணைந்து பல நூறு வருஷம் ஆகிவிட்டது. கொடுத்த செய்தி மட்டும் மணலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

இன்று அங்கே பெரிய கூட்டம் கிடையாது. பூஜை கிடையாது. அடித்தளமும் சில கற்களும்தான் மிச்சம். பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிட்டுக் காட்டினால்தான் ருசிக்கும்.

பாம்புக்குப் பயப்படாதவர்கள்

அடுத்தது வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. கிளம்பும் முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளவும்.

முதலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருப்பதும் இங்கேதான். 1978-ல் தொடங்கிய சங்கம். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடிக்கு ஊசி மருந்து தயாராகிறது. வயல்காட்டில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரின் உயிர், இவர்கள் கையில் தொடங்குகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளையோ பெண்ணோ இருந்தால் திருவிடந்தையிலும் இறங்க வேண்டும். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ரிஷி ஒருவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். அதனால்தான் நித்ய கல்யாணப் பெருமாள். மாலை வாங்கி வேண்டிக்கொள்கிற கூட்டத்துக்குக் குறைவில்லை.

அப்புறம் கோவளம். தர்கா, மாதா கோவில், மீனவர் குப்பம் எல்லாம் அடுத்தடுத்து. ஆற்காடு நவாப் காலத்தில் இங்கே ஒரு கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1752-ல் கிளைவ் அதைக் கைப்பற்றி, வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்.

உங்கள் தெரு மழை இங்கேதான் வருகிறது

கடைசி இடம் முட்டுக்காடு. கோவளத்தில் இருந்து கொஞ்சம் வடக்கே. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் பிள்ளைகளுக்கு ஒரு சவாரி. பெரியவர்கள் பாலத்து ஓரமாக நின்று தண்ணீரைப் பார்க்கலாம்.

வெறும் வேடிக்கை இல்லை. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்தால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய். அந்தத் தண்ணீர் தெற்கே ஓடி, இந்த முட்டுக்காட்டு முகத்துவாரம் வழியாகத்தான் கடலில் கலக்க வேண்டும்.

இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டாலும் அதே கதிதான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. கட்டிலுக்கு மேல் சாமானை ஏற்றி வைத்துவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியும்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் இப்போது இருப்பதைப் போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. குப்பையும் கட்டடமும் தின்றது போக மிஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது.

கடைசியாக ஒரு கணக்கு

கோவளத்துக்கே திரும்பி, கேளம்பாக்கம் சாலையில் வீட்டுக்குப் போகலாம். வழியில் உப்பங்கழி. சீசனில் பூநாரை, கூழைக்கடா எல்லாம் கூட்டமாக நிற்கும். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் பார்க்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, சத்தம் போடாமல் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் அங்கே வீசிவிட்டு வரக்கூடாது. அது கால்வாயில்தான் போய் அடைக்கும்.

சாளுவன்குப்பத்துக் கோவிலை மணல் மூடியது. பல நூறு வருஷம் கழித்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள். சதுப்பு நிலத்தை மண் கொட்டி மூடிவிட்டால் அப்படித் தோண்டி எடுக்க முடியாது. அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் நம் வாசலில்தான் வந்து நிற்கும்.

ராத்திரி பிள்ளைகள் தூங்கும் முன் கேட்கும். “அப்பா, நம்ம வீட்டு மழைத்தண்ணி நிஜமாவே அங்கேதான் போகுதா?”

ஆமாம் என்று சொல்லுங்கள். மறுபடி மழை பெய்யும்போது, தெருக்கோடி வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று அந்தப் பிள்ளையே போய்ப் பார்த்துவிட்டு வரும்.