அடுப்புக்குக் கீழே பாருங்கள்

ரொறன்ரோவில் ஒக்ரோபர் நடுப்பகுதி தாண்டி, இரவு வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் எனக்கு வேலை கூடிவிடும். வீடுகளில் பூச்சி, எலி கட்டுப்படுத்துவது என் தொழில். ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் பெரும்பாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். போனில் கேட்பது அநேகமாக ஒரே கதைதான்: "தம்பி, நேற்றுத்தான் ஒண்டு குறுக்கால ஓடினது. முந்தி ஒருநாளும் இல்லை."

நேற்று ஓடியது உண்மை. ஆனால் அது வீட்டுக்குள் வந்து சில கிழமைகளாவது ஆகியிருக்கும். சுண்டெலி கண்ணில் படுவதற்கு வெகு முன்னரே தான் வந்த செய்தியை வீடு முழுக்க விட்டுவைக்கிறது. அதை வாசிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

சுண்டெலி குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் பிராணி அல்ல. கோடையில் புல்லிலும் விறகுக் குவியலிலும் கொட்டிலிலும் வாழ்ந்தது, குளிர் வந்து தீனி குறைய, சூடான காற்று கசியும் இடத்தைத் தேடி வரும். ஆறு மில்லிமீற்றர் இடைவெளி அதற்குப் போதும். வெளிச்சுவரில் ஒரு பென்சில் நுழையும் துவாரம் இருந்தால் சுண்டெலியும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எங்கள் வீடுகளின் சுவர் கல்லும் சீமெந்தும். இங்கே மரச்சட்டம் அடித்து, நடுவில் வெப்பம் காக்கும் பஞ்சை வைத்து, உள்ளே மெல்லிய பலகை பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே எரிவாயுக் குழாயோ ஏசிக் குழாயோ சுவரைத் துளைக்கும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போதும். பேஸ்மென்றிலிருந்து மேல்மாடி வரை சுவருக்குள்ளேயே ஏறிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா வீட்டுக்குப் போனேன். குசினி பளிச்சென்று இருந்தது. "அடுப்படியில அடிக்கடி சீரகம் சிந்திக் கிடக்கும் தம்பி, நானும் கூட்டி அள்ளிப் போடுவன்" என்றார். குனிந்து பார்த்தேன். சீரகம் இரு முனையும் கூராக, பழுப்பாக, கோடு கோடாக இருக்கும். கீழே கிடந்தது கறுப்பு, கோடு இல்லை. அடுப்புக்குக் கீழே தட்டு வைக்கும் இழுப்பறை இருக்கிறதல்லவா, அதை முழுதாக வெளியே இழுத்து வைத்துவிட்டு ரோச் லைற்றைத் தரையோடு படுக்க வைத்து அடித்தேன். பின்சுவர் ஓரமாகப் புழுக்கை வரிசையாகக் கிடந்தது. அடுப்பைச் சுற்றியிருக்கும் பஞ்சிலிருந்து கொஞ்சம் பிய்த்து, பேப்பர் ரவலைக் கிழித்துக் கலந்து, மூலையில் கூடு கட்டியிருந்தது. பக்கத்திலே பருப்புத் தோல். அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அழுதுவிடுவார் போலிருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் நான் முதலில் இழுப்பது அந்த இழுப்பறையைத்தான். அங்கே சூடு இருக்கிறது, இருட்டு இருக்கிறது, உணவு சிந்துகிறது, யாரும் கை வைப்பதில்லை. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு சிங்க்கின் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடம், ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஃபேர்னஸ் அறை, கராஜ் கதவின் அடி ரப்பர்.

சுண்டெலிப் புழுக்கை மூன்று முதல் ஆறு மில்லிமீற்றர் நீளம். பெரிய எலியுடையது அதைப்போல் மூன்று மடங்கு, தடிப்பாக இருக்கும். புதியது கறுத்து மினுங்கும், மிருதுவாக இருக்கும். பழையது சாம்பல் நிறமாகி, குச்சியால் தொட்டால் உதிரும். ஒரு சுண்டெலி ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் போடும். எனவே எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். எங்கே அடர்த்தியாகக் கிடக்கிறது என்று பாருங்கள். கூடு அதற்குப் பக்கத்தில்தான். சுண்டெலி தன் கூட்டிலிருந்து முப்பது அடிக்கு மேல் போவது குறைவு. சந்தேகம் தீரவில்லையென்றால் சுவரோரம் மெல்லிசாக முகப்பவுடர் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் கால்தடமும், நடுவில் வால் இழுபட்ட கோடும் தெரியும்.

எங்கள் வீடுகளில் மட்டும் நான் காணும் ஒரு விஷயம் அரிசி மூட்டை. நாற்பது இறாத்தல் மூட்டைகளை மலிவு விலையில் வாங்கி, பேஸ்மென்றில் சீமெந்துத் தரையில், சுவரோடு சாய்த்து வைக்கிறோம். சுண்டெலி சுவரை உரசிக்கொண்டே ஓடும் பிராணி. மூட்டையின் பின் அடி மூலைதான் அதற்கு முதலில் எட்டுகிறது. முன்னால் பார்த்தால் மூட்டை நன்றாகவே இருக்கும். தூக்கினால் ஓட்டையால் அரிசி ஒழுகும். ஊரிலிருந்து வந்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கூட அப்படித்தான். மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் வாளியில் கொட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகை மேல் வையுங்கள். மாவில் சிலந்தி நூல் போலக் கட்டியிருந்தால் அது அந்துப்பூச்சி; எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழுதானதை எறிந்துவிட்டு, மிச்சத்தை நான்கு நாள் ஃபிரீசரில் வைத்தால் முட்டையும் சாகும்.

சத்தம் கேட்டால் முதலில் நேரத்தைக் கவனியுங்கள். விளக்கணைத்த பின் சுவருக்குள் மெல்லச் சுரண்டினால் சுண்டெலி. விடிந்த பிறகு கூரைக்குள் உருட்டும் சத்தம் என்றால் அணில். இரவில் ஆள் நடப்பதுபோல் தடதடவென்று கேட்டால் ரக்கூன். ரக்கூனைக் கூண்டில் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோ சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விடக்கூடாது. வெளியே போகலாம், திரும்ப வரமுடியாது என்ற மாதிரி ஒருவழிக் கதவு பொருத்துவதுதான் முறை. அதுவும் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகு.

இலையுதிர் காலத்தில் பூச்சிகளும் வரும். அவற்றில் பலவற்றுக்கு நீங்கள் காசு செலவழிக்கவே வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் ஒரு குளிர்கால நாளில், மேல்மாடி யன்னலில் மந்தமான பெரிய ஈக்கள் கூட்டமாக ஊர்ந்தால், வீட்டுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று பதறுகிறார்கள். அவை மண்புழுவில் வளரும் ஈக்கள். கூரைக்குள் குளிரைக் கழிக்க வந்தவை, சூட்டில் விழித்துக்கொண்டன. வக்யூமால் உறிஞ்சி எடுத்தால் போதும். யன்னலோரம் கூடும் செம்மஞ்சள் வண்டுகளும் அப்படித்தான். நசுக்கினால் மஞ்சள் கறை படியும், நாறும்.

ஆனால் தை மாதத்தில், வெளியே பனி கிடக்கும்போது, பெரிய கறுத்த எறும்பு குசினியில் நடந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். மரத்தைக் குடையும் எறும்பு அது. அந்தக் குளிரில் வெளியிலிருந்து வந்திருக்காது. ஈரம் ஊறிய மரத்தில், வீட்டுக்குள்ளேயே கூடு இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் எங்கே கசிகிறது என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்பார்ட்மென்ற்களில் இருக்கும் சின்னக் கரப்பானுக்குக் குளிரோ கோடையோ கணக்கில்லை. தலைக்குப் பின்னால் இரண்டு கறுத்த கோடு இருந்தால் அதுதான். ஒரு முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சு. கடையில் வாங்கிய ஸ்பிறேயை அடித்தால் சிதறி அடுத்த அறைக்குப் போகும். பசை மருந்து வைப்பதே பலன் தரும்.

புழுக்கையைக் கண்டவுடன் தும்புத்தடியை எடுக்காதீர்கள். வக்யூமும் வேண்டாம். தூசி மூச்சோடு உள்ளே போகும். வட அமெரிக்காவில் மான் சுண்டெலி என்ற ஒரு வகை ஹன்ரா வைரஸைக் காவுகிறது. வயிறும் காலும் வெள்ளையாக இருக்கும். நகர வீடுகளை விட நாட்டுப்புறத்திலும் கொற்றேஜ்களிலும்தான் அது அதிகம். பார்த்தவுடன் எந்த வகை என்று எல்லோராலும் சொல்ல முடியாது என்பதால் எங்கும் ஒரே முறையையே கடைப்பிடியுங்கள். யன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பேப்பர் ரவலால் துடைத்து எடுங்கள்.

பிடிப்பதற்குப் பழைய அடிபொறியே சிறந்தது. பட்டாணி அளவு பீனட் பட்டர் வைத்து, இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். ஒன்றிரண்டு போதாது, அடையாளம் கண்ட இடமெல்லாம் வையுங்கள். நஞ்சை நான் விரும்புவதில்லை. தின்ற எலி சுவருக்குள் செத்தால் வாரக்கணக்கில் நாறும். வெளியே வந்து செத்தால் அதைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் கேடு. பொறியில் எலி விழுந்ததோடு வேலை முடிவதுமில்லை. பெண் சுண்டெலி மூன்று கிழமையில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமும் போடத் தொடங்கும். ஓட்டையை அடைக்காவிட்டால் வருடா வருடம் என்னைக் கூப்பிட வேண்டியதுதான். நுரை மட்டும் அடித்தால் கடித்துத் துளைத்துவிடும். செம்பு வலையைத் திணித்து மேலே கோக் (caulk) பசை பூசுங்கள். செங்கல் சுவரின் அடியில் இடைக்கிடை விட்டிருக்கும் சிறு இடைவெளிகளை மட்டும் பூசி மூடிவிடாதீர்கள். சுவருக்குள் சேரும் ஈரம் வடிய விட்டவை அவை. வலை போட்டால் போதும்.

என்னை எப்போதும் வருத்தும் ஒன்று உண்டு. கொம்பனிப் பெயர் எழுதிய வானை வீட்டு வாசலில் நிறுத்த வேண்டாம், இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வரச் சொல்லிக் கேட்கிறார்கள். அயலவர் என்ன நினைப்பார்கள் என்ற பயம். சுண்டெலி எந்த வீடு அழுக்கு என்று பார்த்து வருவதில்லை. எந்தச் சுவரில் ஓட்டை என்றே பார்க்கிறது. வெட்கத்தால் மறைக்கும் அந்த இரண்டு மாதத்தில் இரண்டு எலி இருபதாகிவிடும்.

வாடகைக்கு இருப்பவர்கள்தான், முக்கியமாகப் பேஸ்மென்றில் இருப்பவர்கள், இன்னும் அதிகம் மறைக்கிறார்கள். வீட்டுக்காரர் எழுப்பிவிடுவார் என்று பயம். ஒன்ராறியோவில் வாடகை வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத ரொறன்ரோ அப்பார்ட்மென்ற்களில், பூச்சியோ எலியோ இருப்பதாக அறிவித்தால் 72 மணி நேரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று நகரசபை விதி இருக்கிறது. புழுக்கையைப் படம் பிடியுங்கள். திகதி போட்டு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ரொறன்ரோ நகரசபையின் 311 என்ற எண்ணுக்கு எடுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இந்தக் கிழமையே அடுப்பின் கீழ் இழுப்பறையை ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள்.