மூச்சு எழுதப்படும் விதம்: நுரையீரல் நோயும் குறியெண்களும்

'ரெஸ்ட்ரிக்டிவ் நுரையீரல் நோய்' என்று டாக்டர்கள் சொல்வது தனியொரு நோயின் பெயரல்ல. நுரையீரல் போதிய அளவு விரியவில்லை என்கிற ஒரு நிலையின் பெயர், அவ்வளவுதான். ஆஸ்துமாக்காரருக்கு உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிறது. இவருக்கோ உள்ளே போகவே இடம் போதவில்லை. ஸ்பைரோமீட்டர் குழாயில் ஊதச் சொல்கிறார்கள். மொத்தமாக ஊதும் காற்றின் அளவு குறைவு. ஆனால் அதில் முதல் நொடியில் வெளியேறும் பங்கு சரியாகவே இருக்கும், சிலசமயம் கூடுதலாகக்கூட. இது சந்தேகத்தைத்தான் தரும். நுரையீரலின் முழுக் கொள்ளளவைத் தனியாக அளந்து, அது இயல்பான அளவின் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தால்தான் உறுதி. ஏன் விரியவில்லை? முதுகெலும்பு வளைந்திருக்கலாம், தசை தளர்ந்திருக்கலாம், நுரையீரல் திசு தழும்பேறி இறுகியிருக்கலாம். தழும்பு எதனால்? மணல் தூசி, ஆஸ்பெஸ்டாஸ், நிலக்கரி என்று பல. காரணமே பிடிபடாததும் உண்டு. கருவி அளவைச் சொல்லும். காரணத்தை யாராவது கேட்டு எழுதியாக வேண்டும்.

இந்த எழுத்துதான் இங்கே நமது அக்கறை. அமெரிக்காவில் டாக்டர் எழுதும் குறிப்பு எண்ணாக மாற்றப்பட்டால்தான் இன்சூரன்ஸ் பணம் வரும். 2015 அக்டோபரிலிருந்து அங்கே புழங்குவது, உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலை அமெரிக்கா தனக்கேற்ப விரித்துக்கொண்ட வடிவம். பி.எஸ்ஸி. முடித்த நம்ம பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து செய்கிற 'மெடிக்கல் கோடிங்' என்பது இந்த மாற்றும் வேலைதான். நாம் நினைப்பதுபோல இது வெறும் குமாஸ்தா வேலை இல்லை. ஒரு பிரதியை வாசித்து அர்த்தம் கொடுக்கும் வேலை. ஆனால் ரொம்பவும் கட்டுப்படுத்தப்பட்ட வாசிப்பு.

டாக்டர் 'ரெஸ்ட்ரிக்டிவ் நுரையீரல் நோய்' என்று மட்டும் எழுதினால் வழக்கமாகப் போய் விழுவது ஜே 98.4. அதன் தலைப்பு, 'நுரையீரலின் பிற கோளாறுகள்'. தலைப்பிலேயே ஒரு கைகழுவல். 'நுரையீரல் தழும்பு' என்று மட்டும் இருந்தால் ஜே 84.10. 'காரணம் அறியப்படாத நுரையீரல் தழும்பு' என்றால் ஜே 84.112. அதே கோப்பில் 'சிலிகா தூசியால்' என்று ஒரு சொல் கூடினால் ஜே 62.8 ஆகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஜே 61, நிலக்கரிச் சுரங்கம் என்றால் ஜே 60. வேலையிடத்தில் தூசி பட்டதைத் தனியே குறிக்க இசட் 57.2 இருக்கிறது. ஒரே நெஞ்சு, ஒரே எக்ஸ்ரே. முதல் மூன்று எண்களில் முதலாளி கிடையாது. மற்றவற்றில் அவர் எட்டிப்பார்க்கிறார்.

சரி, எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் ஊதின அளவையும் பார்த்து கோடரே சரியான எண்ணைப் போட்டால் என்ன? போடக்கூடாது. நோய் உண்டு என்று டாக்டர் வாக்கியமாக எழுதியிருக்க வேண்டும். அளவுகளிலிருந்து நோயை ஊகிக்கக் கோடருக்கு உரிமையில்லை. வெளிநோயாளி கோப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதியிருந்தால் அந்த நோய்க்கு எண்ணே கிடையாது, மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிக்குத்தான் எண். உள்நோயாளி விடைபெறும்போது அதே 'இருக்கலாம்' எழுதப்பட்டிருந்தால், நோய் உறுதியானதுபோலவே எண் போடலாம். டாக்டரிடம் விளக்கம் கேட்டு எழுதலாம். ஆனால் பதிலைத் திணிக்கிற மாதிரி கேட்கக்கூடாது. பொய்ப் பில் எழுதாமல் தடுக்க இந்த விதிகள் தேவைதான். இவற்றின் மறுபக்கம் என்னவென்றால், டாக்டரின் மௌனம் அப்படியே எண்ணுக்குள் இறங்கிவிடுகிறது.

எண்ணில் என்ன இருக்கிறது, வைத்தியம் நடந்தால் போதாதா என்று கேட்கலாம். மேற்கு வர்ஜீனியாவில் கௌலி பிரிட்ஜ் பக்கத்தில் 1930-31இல் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் தோண்டப்பட்டது. தோண்டவைத்தது யூனியன் கார்பைடு. ஆமாம், போபாலின் அதே யூனியன் கார்பைடு. பாறையில் சிலிகா மிகுதி. தண்ணீர் தெளிக்காமல் துளையிட்டார்கள். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பர்கள். மூச்சுமுட்டிச் செத்தவர்களுக்கு எழுதப்பட்டது நிமோனியா, காசநோய். கம்பெனி டாக்டர்கள் 'டனலைட்டிஸ்' என்று புதுசாக ஒரு பெயரையும் கண்டுபிடித்தார்கள். மார்ட்டின் செர்னியாக் 1986இல் வெளிவந்த தம் நூலில் 764 சாவுகள் என்று கணக்கிட்டார். அதுவும் மதிப்பீடுதான். சான்றிதழில் தூசியின் பெயர் இல்லாதபோது வேறெப்படி எண்ணுவது?

'இயல்பு' என்பதும் எழுதப்பட்டதுதான். ஜான் ஹட்சின்சன் 1846இல் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்கத் தென்பகுதியின் அடிமைமுறை ஆதரவாளர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பரின் நுரையீரல் பிறவியிலேயே சிறியது என்று சொல்ல அதைப் பயன்படுத்திக்கொண்டார். இந்த எண்ணம் செத்துப்போகவில்லை. 'இனத் திருத்தம்' என்ற பெயரில் கருவிக்குள்ளேயே குடியேறியது. கறுப்பருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்த அளவே இயல்பு எனக் கணக்கிடப்பட்டது. ஆசியர்களுக்கு 4 முதல் 6. விளைவு என்ன? சுருங்கிய நுரையீரல்கூட 'நார்மல்' ஆகும்; நோயே இல்லை, அப்புறம் எண் எங்கே? 1999இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் பால்டிமோரில், ஆஸ்பெஸ்டாஸ் வழக்குப் போட்ட கறுப்பர்களுக்குக் கூடுதல் பாதிப்பைக் காட்டும் அளவுகோல் வேண்டும் என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. இனம் பார்க்காத சூத்திரத்தை அமெரிக்க மார்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான்.

'உனக்கு என்ன செய்கிறது' என்ற கேள்வி நவீன மருத்துவத்தில் 'எங்கே வலிக்கிறது' என்று மாறியதாக ஃபூக்கோ காட்டினார். அதற்கும் முன்பே, 1700இல், இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி நோயாளியிடம் இன்னொன்றையும் கேட்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? ஜே 98.4க்கும் ஜே 62.8க்கும் இடையில் நிற்பது அந்தக் கேள்விதான். கேட்காவிட்டால் நோயாளி தானாகவே சொல்லலாம்: இத்தனை வருஷம் கல் உடைத்தேன், இந்தத் தூசியில் நின்றேன், அதையும் சீட்டில் எழுதுங்கள் என்று. தொழிற்சங்கங்கள் தம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர முடியும். எழுதப்பட்ட பிறகு அந்த வரியைப் பார்க்காததுபோல் கடந்துபோக எந்தக் கோடருக்கும் உரிமையில்லை.