திருவண்ணாமலை வெயிலில் பிரெஞ்சு ரொட்டி

பாரிஸுக்குப் போகிறவர் கட்டாயம் ருசிக்க வேண்டியவை என்று சொல்லப்படும் பண்டங்களில் பகெத் ரொட்டி, குரோசான், கிரெப் மூன்றுக்கும் எப்போதும் இடம் உண்டு. இதே பெயர்களைத் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பக்கத்து உணவகப் பலகைகளிலும் பார்க்கலாம். குளிர்காலத்தில் வந்து தங்கும் வெளிநாட்டவர்களுக்காகத் தொடங்கிய உணவகங்கள் இவை. இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிரிவலத்துக்கு வருகிற நம்மவர்களும் ஆசையாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, “செய்கிறவர் பிரெஞ்சுக்காரரா? வெண்ணெய் எந்த ஊருடையது?” என்பதைத்தான். என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரமாயிற்று? இந்தப் பண்டங்களின் ருசி சமையல்காரரின் நாட்டைவிட வெப்பத்தையும் ஈரத்தையும் நேரத்தையுமே அதிகம் சார்ந்திருக்கிறது.

பகெத்தில் இருப்பது மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும்தான். அதை அருமையான பண்டமாக்குவது மொறுமொறுப்பான மேலோடு. சுமார் 240 டிகிரி சூட்டில், முதல் சில நிமிடங்கள் நீராவி நிறைந்த அடுப்பில் வேகும்போது மேற்பரப்பு மாவுச்சத்து குழைந்து பளபளப்பாகிறது. பிறகு ஈரம் வற்றி, மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து செம்பழுப்பாகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மய்யார் 1912இல் விளக்கிய வினை இது. ஆவியில் 100 டிகிரியில் வேகும் இட்லி வெள்ளையாகவே இருக்க, அதே மாவில் கல்லில் வார்த்த தோசை முறுகிச் சிவப்பதும் இதனால்தான். வெந்து இறங்கிய ரொட்டியின் மேலோட்டில் ஈரம் மிகக் குறைவு. கண்ணாடியைப் போல விறைத்து, கடித்தால் உடைகிற நிலை. உள்ளே இருக்கும் பஞ்சுப் பகுதியில் ஈரம் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அந்த ஈரம் மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது. வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. சில மணி நேரத்தில் மேலோடு தோல்போல வளைகிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரியிலிருந்து காலையில் பிளாஸ்டிக் பையில் கட்டிவந்த பகெத், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்ததானாலும், மதியம் அந்தப் பண்டமாக இருக்காது.

குரோசானின் சிக்கல் வேறு. மாவையும் வெண்ணெயையும் மாற்றி மாற்றி மடித்துத் தேய்க்கிறார்கள். மும்மடிப்பாக மூன்று முறை மடித்தால் 27 அடுக்கு வெண்ணெய். அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கிப் பிரிக்கிறது. அதற்கு, மடிக்கும்போது வெண்ணெய் கெட்டியாகவும் வளையக்கூடியதாகவும் இருக்க வேண்டும்; அது 15 டிகிரியை ஒட்டித்தான் சாத்தியம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை, வைகாசியில் இந்த ஊர் 40 டிகிரியைத் தொடும். உருகிய வெண்ணெயை மாவு உறிஞ்சிக்கொண்டால் கிடைப்பது பிறை வடிவ பன்தான். நம் பரோட்டா இதே அடுக்குக் கலையை வெயிலுக்குப் பொருத்திக்கொண்ட பண்டம்: கொழுப்பு எண்ணெயாக இருப்பதால் குளிர் தேவையில்லை, வீசி மெலிதாக்கிச் சுருட்டுவதிலேயே அடுக்குகள் வந்துவிடுகின்றன. அதைக் குரோசானுக்குச் சமமாக வைத்துப் பேசுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

குளிரூட்டிய அறையும் உறைபெட்டியும் இருக்கும்போது வெயில் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிரறையில் மடித்த குரோசானை உறையவைத்து, தேவைப்படும்போது சுட்டுத் தர முடியும். பிரான்சிலேயே பல கடைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்த அறை மடிப்பதை மட்டும் காக்கும். சுட்டபின் கண்ணாடிப் பெட்டியில் மாலைவரை காத்திருப்பதைக் காக்காது. ரொட்டி விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கண்டிப்பாக, சட்டமே போட்டிருக்கிறார்கள். ‘பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி’ எந்தக் கட்டத்திலும் உறையவைக்கப்படக் கூடாது என்கிறது 1993ஆம் ஆண்டு ஆணை. பிசைந்து, புளிக்கவைத்து, சுட்டு, விற்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் கடைக்கே ‘ரொட்டிக்கடை’ என்ற பெயர் என்கிறது 1998ஆம் ஆண்டுச் சட்டம். பகெத்தின் செய்முறையும் அதைச் சுற்றிய பண்பாடும் 2022இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தன. ஒரு நாடு தன் ரொட்டியைக் காக்க இடத்தையும் நேரத்தையும் பிடித்துக்கொண்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மாவு வேறாயிற்றே என்பது இன்னொரு மறுப்பு. பகெத்துக்கான பிரெஞ்சு மாவும் அப்படியொன்றும் புரதம் மிகுந்ததல்ல. நல்ல மைதாவில் தேர்ந்த கை அதை எட்டிவிடும். புளிப்பு அதைவிடப் பெரிய விஷயம். கோடையில் இரவு கரைத்துவைத்த இட்லி மாவு விடியுமுன் பொங்கி வழிவதும், மார்கழியில் எழும்பாமல் அடம்பிடிப்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும். ரொட்டி மாவுக்கும் அதே விதி: சூட்டில் சீக்கிரம் உப்பிவிடும், மணம் ஊறுவதற்கு நேரம் கிடைக்காது. ஐஸ் தண்ணீரில் பிசைந்து குளிர்பெட்டியில் மெல்லப் புளிக்கவைப்பவர் கடையில் நல்ல ரொட்டி கிடைக்கும். அவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

ஆகவே இந்த ஊரில் பிரெஞ்சு உணவை ருசிக்க விரும்புகிறவருக்கு என் முதல் பரிந்துரை கிரெப். கரைத்த மாவு, சுடுகல், இரண்டு நிமிடம். வெளியே எத்தனை டிகிரி என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பிரான்சின் பிரித்தானி பகுதியில் குளூட்டன் இல்லாத பாப்பரை (பக்வீட்) மாவில் வார்க்கும் உப்புக் கிரெப்பும் உண்டு. தோசைக்கு இவ்வளவு நெருங்கிய பிரெஞ்சு உறவு வேறில்லை. அடுத்து ரத்தத்தூய்: கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாம் நம் சந்தையிலேயே கிடைப்பவை, சைவ உணவே அதிகம் கேட்கப்படும் ஆசிரமத் தெருவுக்கும் பொருந்தும். ஆறினாலும் ருசி குறையாது. சர்க்கரையைப் பொசுக்கி மேலே மூடிய கிரெம் புருலேயைப் பெட்டியில் தயாராக வைத்திருந்தால் விட்டுவிடலாம். சர்க்கரை ஈரத்தை இழுத்து அந்த மூடி பாகாகியிருக்கும். உங்கள் எதிரில் பொசுக்கித் தருவார்களென்றால் தாராளமாக வாங்கலாம்.

பகெத்தும் குரோசானும் வேண்டுமென்றால் காலையில், சுடும் நேரத்தைக் கேட்டுப் போய் வாங்குங்கள். மாலையில் கிடைத்த ரொட்டிக்கும் வழி உண்டு. ரொட்டி பழசாவது ஈரம் வற்றுவதால் மட்டுமல்ல, காற்றுப் புகாமல் மூடிவைத்தாலும் பழசாகும் என்று 1852இலேயே பிரெஞ்சு அறிவியலாளர் புசாங்கோ காட்டினார். மாவுச்சத்து மறுபடி இறுகுவதே காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. குளிர்பெட்டியின் குளிரில் அது இன்னும் வேகமாக இறுகும். அதனால் ரொட்டியை அங்கே வைக்காதீர்கள். மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான அடுப்பிலோ மூடிய தோசைக்கல்லிலோ ஐந்தாறு நிமிடம் வையுங்கள். உட்பகுதி 60 டிகிரியைத் தாண்டினால் இறுகியது இளகும், மேலோடு மறுபடி மொறுமொறுக்கும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும்; ஆறிய பிறகு முன்பைவிடக் கெட்டியாகிவிடும்.