உங்களுக்குத் தெரியுமா? டீச்சருக்கு எத்தனை கடிகாரம் வேண்டும்?

என் அக்கா 23 வருஷமாக டீச்சர். அவள் வீட்டு அலமாரியில் சுவர்க்கடிகாரம் மட்டும் ஒன்பது இருக்கிறது. எல்லாம் பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்தவை. பேனா ஸ்டாண்டு, பிள்ளையார் பொம்மை, ‘பெஸ்ட் டீச்சர்’ என்று அச்சடித்த காபிக் கோப்பை எல்லாம் தனிக்கணக்கு. அவள் குடிப்பதோ நாளைக்கு இரண்டு தடவை, அதுவும் எவர்சில்வர் டம்ளரில். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது “டீச்சருக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?” என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: முழுப் பரீட்சைக்குள் தீர்ந்துபோகிற பொருளாக வாங்குங்கள்.

★

ஒரு ஏ4 தாள் எத்தனை கிராம் தெரியுமா? 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 80 கிராம்) தாள் என்றால் 5 கிராம். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பதினாறாக வெட்டினால் ஏ4. 80-ஐப் 16-ஆல் வகுத்தால் 5. ஆக, 500 தாள் உள்ள ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. இந்தக் கணக்கு எதற்கு என்றால், நோட்டுத் திருத்துவது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. ஒரு நோட்டு 200 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகளுக்கு 8 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற டீச்சருக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த தாஜ்மகாலைக் கொடுத்தால் அதையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். நல்ல கைப்பிடி வைத்த கட்டைப்பை ஒன்று வாங்கிக் கொடுங்கள். தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது 2021 டிசம்பரில். துணிப்பை கொடுக்க இப்போது யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

★

நம் ஊர்ப் பள்ளிகளில் சிவப்பு மை டீச்சருக்கு, பச்சை மை தலைமையாசிரியருக்கு. பேனா வாங்கும் உற்சாகத்தில் வகுப்பு டீச்சருக்குப் பச்சைப் பேனா வாங்கிவிடாதீர்கள், டிராயருக்குள்ளேயே காய்ந்துபோகும். விலை உயர்ந்த பேனா ஒன்றை விட, டீச்சர் ஏற்கெனவே எழுதுகிற பேனாவுக்குச் சிவப்பு ரீஃபில் ஒரு டஜன் மேல்.

★

ஸ்டேப்ளர் பின் டப்பா மேல் 24/6 என்று போட்டிருக்குமே, அது என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? 24 என்பது கம்பியின் கேஜ், அதாவது தடிமன். 6 என்பது காலின் நீளம், மில்லிமீட்டரில். சின்ன ஸ்டேப்ளருக்கு நம்பர் 10 பின். ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றில் போட முடியாது. வாங்குவதற்கு முன் டீச்சர் மேசையில் இருப்பது எந்த அளவு என்று பிள்ளையை விட்டுப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

★

சாக்பீஸுக்கு ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் ஹகொரொமோ என்ற கம்பெனி 1932-லிருந்து சாக்பீஸ் செய்துவந்தது. வழுக்கிக்கொண்டு எழுதும், லேசில் உடையாது, மேலே பூச்சு இருப்பதால் கையில் ஒட்டாது. 2015-ல் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணிதப் பேராசிரியர்கள் பஞ்ச காலத்தில் அரிசி பதுக்குவது போலப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். கடைசியில் கொரியாவில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த இயந்திரங்களை வாங்கித் தன் ஊருக்குக் கொண்டுபோய் உற்பத்தியைத் தொடர்ந்தார். உலகத்தில் கணிதத்தின் உச்சியில் இருப்பவர்கள் பதுக்கி வைத்த பொருள் ஒரு சாக்பீஸ். தங்கமுலாம் பூசிய பேனாவை யாரும் இப்படிப் பதுக்கியதாக நான் கேள்விப்படவில்லை.

நாம் சாக்பீஸ் என்று எழுதுவதில் பெரும்பாலானது உண்மையில் சாக் இல்லை, ஜிப்சம். அதன் தூள் லேசானது, காற்றில் மிதக்கும். ‘டஸ்ட்லெஸ்’ என்று விற்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதிலும் தூள் உதிரும், ஆனால் கனமாக இருப்பதால் மிதக்காமல் கீழே விழும். சில ரகங்களில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் புரதம் சேர்ந்திருக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அது தொல்லை தரக்கூடும் என்று ஆய்வு வந்திருக்கிறது. வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாக்பீஸ் பிடித்துப் பிடித்து அக்காவின் ஆள்காட்டி விரல் நுனி வறண்டு வெடித்திருக்கும். மாவு பிசையும்போது உப்பு பட்டால் முகம் சுளிப்பாள். சாக்பீஸைச் செருகி எழுத ஒரு சின்னப் பிடி கடைகளில் கிடைக்கிறது. போன வருஷம் ஒரு பையனின் அப்பா அதைக் கொடுத்தார். ஒன்பது கடிகாரத்துக்கும் கிடைக்காத பாராட்டு அதற்குக் கிடைத்தது.

★

வெள்ளைப் பலகையில் யாரோ பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிவிட்டார்களா? அதே எழுத்தின் மேல் சாதாரண ஒயிட்போர்டு மார்க்கரால் நன்றாகத் தீற்றி, ஈரம் காய்வதற்குள் துடையுங்கள். புது மையில் உள்ள கரைப்பான் பழைய மையைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். வெள்ளைப் பலகை உள்ள வகுப்பு என்றால் மார்க்கர் பாக்கெட்டே நல்ல பரிசு. கறுப்பு நிறையவே வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான்.

★

தொண்டைக் கோளாறு அதிகம் வரும் தொழில்களில் பாடகர்களோடு ஆசிரியர்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இருப்பது எட்டு பீரியட். லெஷர் பீரியட் என்று ஒன்று காகிதத்தில் இருக்கும், அதிலும் வராத டீச்சரின் வகுப்புக்கு சப்ஸ்டிடியூஷன் போட்டு அனுப்பிவிடுவார்கள். சூடு தாங்கும் ஃபிளாஸ்க், கூடவே சுக்குமல்லிக் காபிப் பொடி ஒரு பாக்கெட் கொடுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், நான்கைந்து பெற்றோர் சேர்ந்து இடுப்பில் மாட்டிக்கொள்கிற சின்ன மைக்செட் வாங்கித் தரலாம். மின்விசிறி கடகடக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கக் கத்த வேண்டியிருக்காது.

★

ஆசிரியருக்குக் கொடுப்பது ஒன்றும் புதுப்பழக்கம் இல்லை. தன்னிடம் வந்தவர் ஒரு கட்டு உலர்ந்த இறைச்சி கொண்டுவந்தாலே போதும், பாடம் சொல்லித்தர மறுத்ததில்லை என்றார் கன்பூசியஸ். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாருக்கு நெல்லும் தானியமும் போய்ச் சேர்ந்தன. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள், வசூலாவது வாத்தியாருக்கு. கவனித்தீர்களா, கொடுத்ததெல்லாம் தீர்ந்துபோகிற பொருள். ஏகலைவனின் கட்டைவிரலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

★

ரஷ்யாவில் பள்ளி திறப்பது செப்டம்பர் 1. ‘அறிவு நாள்’ என்று பெயர். பிள்ளைகள் டீச்சருக்குப் பூங்கொத்தோடு போவார்கள். பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படை என்றால் சாவு வீட்டுக்கு. நாம் மொய் வைக்கும்போது 100-ஐ 101 ஆக்குவதில்லையா, அந்த ஒரு ரூபாய் மாதிரி. ஒரு டீச்சர் மேசையில் முப்பது பூங்கொத்து குவிந்தால் என்ன செய்வார்? 2014-ல் அங்கே ஒரு இயக்கம் கிளம்பியது. வகுப்புக்கே சேர்த்து ஒரே பூங்கொத்து, மிச்சப் பணம் நோயுற்ற குழந்தைகளுக்கு.

★

தென்கொரியாவில் ஆசிரியர் தினம் மே 15. ஹங்குல் எழுத்தை உருவாக்கிய சேஜோங் மன்னர் பிறந்த நாள் அது. அன்றைக்குக் கார்னேஷன் பூக் கொடுப்பது வழக்கம். 2016-ல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு தன் டீச்சருக்குத் தனியாக ஒரு பூக் கொடுப்பதும் தப்பு. மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னாலும் கொடுக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசுப் பள்ளி டீச்சர், தனி ஒருவரிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை வாங்கக் கூடாது. வகுப்பே சேர்ந்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லாமல் கொடுத்தால் 150 டாலர் வரை சரி. நம் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உண்டு. பட்டுப்புடவையும் தங்கக் காசும் கொண்டுபோய் நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஒரு பெட்டி சாக்பீஸுக்காக யார் மேலும் யாரும் புகார் எழுதமாட்டார்கள்.

★

அமெரிக்க ஆசிரியர்கள் வகுப்புக்காகத் தங்கள் கைக்காசில் வாங்கிய சாமான்களுக்கு வருமான வரியில் கழிவு உண்டு. 2002-லிருந்து 250 டாலர், 2022-ல் 300 ஆனது. அரசாங்கமே சலுகை தருகிறது என்றால் எத்தனை டீச்சர்கள் கைக்காசு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சார்ட், ஸ்கெட்ச் பேனா, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், எல்லாம் யார் பர்ஸிலிருந்து போகிறது என்று எந்தத் தொடக்கப்பள்ளி டீச்சரையும் கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ஆசிரியர் ஒருவர் 2000-ல் தொடங்கிய ‘டோனர்ஸ்சூஸ்’ தளத்தில் என்ன வேண்டும் என்று ஆசிரியரே எழுதிவைப்பார், விரும்புகிறவர் அதற்குப் பணம் கொடுப்பார். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் வந்த ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி’ திட்டம் வழியாகப் பள்ளிக்கே கொடுக்கலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் வாசலில் நின்று, “டீச்சர், வகுப்புக்கு என்ன வேணும்?” என்று கேட்டால் போதும்.

★

அக்கா இப்போது ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். போன ஜூனில் ஒரு பாட்டி பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டியிருக்கிறார். உள்ளே மூன்று அளவில் ஊக்கு, தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்ட், நாலு சட்டைப் பொத்தான், ஊசி நூல், ஒட்டும் பிளாஸ்திரி. “எம்புள்ளைங்களும் ஒண்ணாப்பு படிச்சவங்கதானேம்மா, எனக்குத் தெரியாதா” என்றாராம். ஜூலைக்குள் ஊக்கு தீர்ந்துவிட்டது. டப்பாவை அக்கா இன்னும் மேசை டிராயரிலேயே வைத்திருக்கிறாள், அதே சாமான்களை அவளே வாங்கி நிரப்பி.