ஆஸ்பத்திரித் தரிப்பிடமும் அயலவரின் அந்தஸ்தும்

சென்ற இலையுதிர் காலத்தில் எமது தெருவின் கிழக்குக் கரையிலுள்ள ஆறு பங்களோ வீடுகளின் முன்பாக வெள்ளைப் பலகையொன்று நாட்டப்பட்டது. வலய மாற்றத்துக்கான விண்ணப்பம் கிடைத்துள்ளது, இன்ன திகதியில் பொதுக்கூட்டம் என்று அதில் எழுதியிருந்தது. பின்புறமாயிருக்கும் ஆஸ்பத்திரி இந்த ஆறு வீடுகளையும் பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வாங்கி வைத்திருந்தது என்பது எங்களிற் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அவற்றை இடித்துவிட்டு நூறு கார்கள் நிற்கக்கூடிய தரிப்பிடம் அமைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயரோ நகரசபையின் பெயரோ இக்கட்டுரைக்கு அவசியமில்லை. ஒன்ராறியோவின் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய விடயம் இது.

பலகையைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் எதிர்வீட்டுப் பெரியவர், "தம்பி, அவங்கட காணி, அவங்கள் என்னவும் செய்யட்டும். எங்களுக்கேன் இந்த வேலை?" என்றார். முப்பது வருடங்களாக இந்த நாட்டில் வாழ்பவர். யாழ்ப்பாணத்தில் ஒரு முழ வேலிக்காகப் பத்து வருடம் வழக்காடிய குடும்பத்திலிருந்து வந்தவரும்கூட. அவருடைய கேள்விக்கான பதிலைத் தேடியபோதுதான் இச்சட்டத்தை ஓரளவு படிக்க நேர்ந்தது.

'சோனிங்' என்று இங்கு எல்லோரும் சொல்லும் வலயப்படுத்தல், அடிப்படையில் ஒரு எளிய கருத்து. காணி உன்னுடையது, ஆனால் அதில் என்ன செய்யலாம் என்பதை ஊர் தீர்மானிக்கும். கருத்து எளியது, அதன் பிறப்பு அவ்வளவு கண்ணியமானதல்ல. ரொறன்ரோ நகரசபை 1912 இல் குடியிருப்புத் தெருக்கள் பலவற்றில் மாடித் தொடர்மனைகள் கட்டுவதைத் தடைசெய்தது. 1926 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒஹாயோவின் யூக்ளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில், வலயச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்த்தது. அத்தீர்ப்பு தொடர்மனையை, தனிவீடுகளின் சூழலை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்ற பொருளில் வர்ணித்தது. ஒட்டுண்ணியாக வர்ணிக்கப்பட்டது கட்டடந்தான். ஆனால் அதில் வாடகைக்கு இருப்பவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சொந்தக்காரனின் அமைதியே சட்டத்தின் மைய அக்கறையாகத் தொடங்கியது என்பதை மனதிற் கொண்டால், பின்னால் வருபவற்றை விளங்கிக்கொள்வது இலகு.

குடியிருப்பு வலயத்தில் வீட்டோடு சேர்ந்த தரிப்பிடம் இருக்கலாம். தரிப்பிடம் மட்டுமே ஒரு காணியின் பயன்பாடாக இருக்க முடியாது. ஆகவே ஆஸ்பத்திரி வலயத்தையே மாற்றும்படி கேட்கவேண்டும். வேலியிலிருந்து அரை மீற்றர் தள்ளுவது போன்ற சில்லறைத் தளர்வுகளுக்கு 'சிறு விலகல்' என்று வேறு வழி உண்டு. அதற்கு ஒரு குழு இருக்கிறது, நான்கு சோதனைகள் இருக்கின்றன. ஆறு வீட்டை இடிப்பது எந்த அகராதியிலும் 'சிறு' ஆகாது.

நூறு கார் என்பது எவ்வளவு நிலம்? ரொறன்ரோவின் 2013 ஆம் ஆண்டு வலய விதிகளின்படி ஒரு கார் நிற்கும் இடம் குறைந்தது 5.6 மீற்றர் நீளமும் 2.6 மீற்றர் அகலமும் உடையது. நடுவே கார் திரும்ப 6 மீற்றர் வழி வேண்டும். வாசல், ஓரம், மரம் எல்லாவற்றையும் சேர்த்தால் காருக்கு 25 முதல் 30 சதுர மீற்றர் வரும். நூறு காருக்கு ஏறத்தாழ 2,750 சதுர மீற்றர். 45 அடிக்கு 110 அடிக் காணிகள் ஆறு, சரியாக அவ்வளவுதான். புல்லும் மண்ணும் குடித்த மழையைத் தார் குடிக்காது. 8 யூலை 2013 அன்று ரொறன்ரோ விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. அப்படியொரு நாளில் இந்தத் தரிப்பிடத்தில் மட்டும் விழும் நீர் மூன்றரை இலட்சம் லீற்றர் அளவில் இருக்கும். அது எங்கே போகும் என்பதே, நிலக்கீழ் அறைகளில் ஆட்களைக் குடிவைத்திருக்கும் எங்கள் தெருவின் முதலாவது கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. வீட்டு விலை இறங்குமா என்பதே முதற் கேள்வியாக இருந்தது.

இனி அறிவித்தலைப் பற்றி. மாகாண ஒழுங்குவிதிகளின்படி, வலய மாற்றம் கேட்கும் காணியிலிருந்து 120 மீற்றருக்குள் இருக்கும் காணிச் சொந்தக்காரர்களுக்கு, பொதுக்கூட்டத்துக்கு 20 நாட்களுக்கு முன்பதாக அறிவிக்க வேண்டும். தபாலில் அறிவிக்கலாம், பத்திரிகை விளம்பரத்தாலும் செய்யலாம். இங்கு கவனிக்க வேண்டிய சொல் 'சொந்தக்காரர்' என்பது. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வீட்டலகுகள் கொண்ட கட்டடமாயின், வாடகைக்கு இருப்பவர்கள் காணக்கூடிய இடத்தில் அறிவித்தலை ஒட்டும்படி உரிமையாளரிடம் கேட்கப்படும். அதற்குக் குறைந்தால் அதுவும் இல்லை. எமது தெருவில் இடிபடப்போகும் ஆறு வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் எம்மவர்கள், அண்மையில் வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. அவர்களது வீட்டுக்கான அறிவித்தல் முறைப்படி அதன் சொந்தக்காரருக்குத்தான் உரியது. சொந்தக்காரர் விண்ணப்பதாரராகிய ஆஸ்பத்திரி! அவ்வீடுகளில் ஒன்றின் நிலக்கீழ் அறையில் இருந்த பெண், அதே ஆஸ்பத்திரியில் இரவு நேரத் துப்புரவுத் தொழிலாளி. தன் வீடு இடிபடப்போவதை வாசற்பலகையில் வாசித்து அறிந்தார்.

(தேசவழமையை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த அச்சட்டத்தில், காணி விற்பவர் முதுசப் பங்காளிகளுக்கு மட்டுமல்ல, அக்காணியை ஈடு பிடித்திருக்கும் அடுத்த காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டியிருந்தது. 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் மட்டுப்படுத்தி, அயலவனை வெளியே விட்டது. அங்கும் காணி இருந்தவனே அயலவன். குடியிருந்தவனை யாரும் கேட்கவில்லை.)

அறிவித்தல் சொந்தக்காரருக்கு மட்டும் என்றாலும், பொதுக்கூட்டம் அப்படியானதல்ல. அங்கு எவரும் பேசலாம். காணி வேண்டாம், வாக்குரிமை வேண்டாம், பிரசாவுரிமை வேண்டாம். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரும் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்லலாம். முன்னர், அவ்வாறு கூட்டத்தில் பேசியவர் அல்லது எழுத்தில் கொடுத்தவர், நகரசபையின் தீர்மானத்தை மாகாண நியாயசபையில் மேன்முறையீடு செய்யவும் முடிந்தது. 1906 இல் தொடங்கிய ஒன்ராறியோ நகரசபைகள் வாரியம், 2018 இல் வேறு பெயரும் 2021 இல் இன்னொரு பெயரும் பெற்று வந்த அமைப்பு அது. அங்கு வழக்காடச் செலவுண்டு, வெற்றி அபூர்வம். ஆனால் மேன்முறையீடு வரக்கூடும் என்ற பயம் இருந்ததனால், விண்ணப்பதாரர் அயலவரோடு மேசையில் இருந்து பேசவேண்டியிருந்தது. வேலி உயர்ந்தது, மரங்கள் கூடின, சில வேளைகளில் திட்டமே மாறியது.

அந்தக் கதவு இப்போது மூடப்பட்டுவிட்டது. 2022 இறுதியில் நிறைவேறிய சட்டமூலம் 23, சிறு விலகல்களுக்கு எதிராக அயலவர் மேன்முறையிடுவதை நீக்கியது. 2024 யூனில் நிறைவேறிய சட்டமூலம் 185, வலய மாற்றங்களுக்கும் அதையே செய்தது. விண்ணப்பதாரர், சில அரச மற்றும் பயன்பாட்டு நிறுவனங்கள், மாற்றத்துக்கு உள்ளாகும் காணியின் சொந்தக்காரர் போன்றோர்க்கு மட்டும் உரிமை எஞ்சியுள்ளது. நகரசபை மறுத்தாலோ 90 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டாலோ ஆஸ்பத்திரி மேன்முறையிடலாம். நகரசபை சம்மதித்தால் அயலவர் வீட்டுக்குப் போகலாம். இந்நாட்டில் வாக்கில்லாத ஒருவர் ஒரு நகரசபையின் தீர்மானத்தைக் கேள்விக்குட்படுத்தக் கூடியதாயிருந்த மிகச் சில இடங்களில் இது ஒன்று. நான் பார்த்த தமிழ்ப் பத்திரிகைகளில் இதைப்பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

மாகாண அரசு கூறிய நியாயம் வீட்டுப் பற்றாக்குறை. வீடு கட்டவிடாமல் அயலவர்கள் வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்றார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. தொடர்மனை வருகிறது, வாடகைக்காரர் வருகிறார், மனநோயாளர் இல்லம் வருகிறது என்று எதிர்த்துக் கையெழுத்து வைத்தவர்களில் எம்மவரும் உள்ளனர். வீடு வாங்கிய மூன்றாம் வருடமே நாம் 1912 ஆம் ஆண்டு ரொறன்ரோக்காரராகிவிடுகிறோம். ஆனால் வீடு கட்டுவதற்கெனத் திறந்த பாதையால், ஆறு வீட்டை இடித்துக் கார் நிறுத்தும் திட்டமும் அதே வேகத்தில் போகிறது. சட்டம் இரண்டுக்குமிடையே வேறுபாடு காணவில்லை.

கூட்டத்துக்கு ஐம்பது பேரளவில் வந்தோம். தக்காளி நடும் இத்தாலியக் கிழவர் பனியைப்பற்றிக் கேட்டார். நூறு கார் இடத்துப் பனியை வழித்து எங்கே குவிப்பீர்கள், உப்போடு உருகி என் தோட்டத்துக்குத்தானே வரும்? அன்று கேட்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்த கேள்வி அதுதான். அதற்குப் பின் ஒருவர் எழுந்து, முன்பின் தெரியாதவர்கள் இரவில் தெருவுக்குள் வருவார்கள் என்றார். எம்மவர் சிலர் கை தட்டினார்கள். திட்டமிடல் அலுவலர் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வலயச் சட்டம் நிலத்தின் பயன்பாட்டைத்தான் ஆளலாம், பயன்படுத்தும் ஆளை அல்ல என்பது, வடயோர்க் நகரசபையின் 'குடும்பம்' பற்றிய விதியைக் கனடிய உச்ச நீதிமன்றம் 1979 இல் செல்லாதாக்கியபோதே நிலைநாட்டப்பட்டது. யார் வருவார் என்ற பேச்சு அங்கு எடுபடாது. எத்தனை கார், எந்த நேரம், எவ்வளவு வெளிச்சம் என்ற பேச்சு எடுபடும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. வெளிச்சம், வேலி, வடிகால், பனி ஆகியன 'தளத்திட்டம்' என்ற அடுத்த கட்டத்துக்குரியவை. 2022 இலிருந்து அதற்கு அனுமதி வழங்குவது நகரசபை உறுப்பினர்கள் அல்லர், அலுவலர்கள். அதற்குப் பொதுக்கூட்டம் கிடையாது. "இது பிறகு பார்க்கப்படும்" என்று கூட்டத்தில் சொல்லப்படுமாயின், 'உங்கள் முன்னிலையில் பார்க்கப்படாது' என்றே விளங்கிக்கொள்ள வேண்டும். இத்தகைய கூட்டத்துக்குப் போகும் எவரும் கேட்கவேண்டியது, முக்கியமான நிபந்தனைகளை வலய விதியிலேயே எழுதும்படிதான். எல்லையிலிருந்து எத்தனை மீற்றர் மரவரிசை என்பதை விதியில் எழுதலாம். வடிகால் ஆய்வு முடியும்வரை பயன்பாட்டைத் தடுத்துவைக்கும் குறியீட்டையும் இடலாம். எங்கள் தெருவில் மூன்று மீற்றர் மரவரிசையும் தடுத்துவைப்புக் குறியும் கிடைத்தன. மேன்முறையீட்டுப் பயம் இல்லாத காலத்தில் அது கிடைத்தது, எங்கள் வட்டார உறுப்பினருக்கு அடுத்த தேர்தலைப்பற்றிய பயம் இருந்ததனால்.

ஆஸ்பத்திரிக்கு எதிரான கட்டுரையாக இதை வாசிக்க வேண்டாம். என் தாயார் அதே ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம், டயாலிசிஸ் செய்கிறார். மார்க்கத்திலிருந்து தங்கை கூட்டி வருகிறாள். இடந்தேடி இருபது நிமிடம் சுற்றிய நாட்கள் உண்டு. "அண்ணா, உங்களுக்கு வேலிதான் பிரச்சினை. எனக்கு அம்மாவை வாசலில் தனிய விட்டுட்டுச் சுத்துறது பிரச்சினை" என்றாள். அவள் சொன்னது நியாயம். 120 மீற்றருக்குள் அவளுக்குக் காணி இல்லை, ஆகவே அவளுக்குக் கடிதமும் வரவில்லை.

ஆனால் கூட்டத்தில் ஒருவரும் கேட்கமுடியாத கேள்வி ஒன்றிருந்தது. பணம். ஆஸ்பத்திரிகளுக்குத் தரிப்பிடம் ஒரு வருமானம். மாகாண மானியம் எட்டாத இடங்களை அடைக்க அது உதவுகிறது. நாளொன்றுக்கு 10 டொலர் என்று வைத்தாலும், வருடத்தில் 156 நாள் வரும் ஒரு நோயாளியின் குடும்பம் 1,560 டொலர் கட்டும். கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை 2011 இல் ஆசிரியர் தலையங்கமொன்றில், இது மாறுவேடமிட்ட வைத்தியக் கட்டணம், 1984 ஆம் ஆண்டுக் கனடிய சுகாதாரச் சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது என்று வாதிட்டது. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் 2008 இலேயே தமது ஆஸ்பத்திரிகள் பெரும்பாலானவற்றில் இக்கட்டணத்தை நீக்கின. ஒன்ராறியோ 2016 இல் அரைவழி வந்தது. நாளுக்கு 10 டொலருக்கு மேல் அறவிடும் ஆஸ்பத்திரிகள், அடிக்கடி வருவோர்க்கு 5, 10, 30 நாள் அனுமதிச்சீட்டுக்களைப் பாதி விலையில் கொடுக்கவேண்டும் என்றது. அச்சீட்டு இருப்பது தங்கைக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.

நூறு இடம் உண்மையில் தேவையா, அல்லது நூறு இடத்தின் வருமானம் தேவையா என்பது நிலப் பயன்பாட்டுக் கேள்வியல்லவாம். முன்பெல்லாம் வலய விதிகளே, இன்ன பரப்புக்கு இத்தனை கார் இடம் என்று கட்டாயப்படுத்தின. ரொறன்ரோ 2021 டிசம்பரில் அந்தக் கட்டாயங்களிற் பெரும்பாலானவற்றை நீக்கியது. "சட்டம் கேட்கிறது" என்று எவரும் இனிச் சொல்வது கடினம். மறுபுறத்தில், ஸ்காபரோவின் இலகு ரயில் 24 யூலை 2023 அன்று தடம்புரண்டு, பின்னர் நிரந்தரமாக மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பஸ்ஸுக்குத் தள்ளப்பட்டனர். பஸ்ஸில் வரமுடியாத நோயாளிக்குக் கார் ஆடம்பரமல்ல. இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் அந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு நூறு தரிப்பிடத்தால் ஒன்றுமில்லை. அவரிடம் கார் இல்லை. இருந்த வீடும் போயிற்று. தை மாதம் வெளிக்கிட்டுவிட்டார், பிக்கறிங் பக்கம் என்று கேள்வி.

தளத்திட்டக் கோப்பு இப்போது ஓர் அலுவலரின் மேசையில் இருக்கிறது. பனி குவிக்கும் மூலை எது, நீர்த்தாங்கியின் கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டு இரண்டு கடிதம் எழுதியுள்ளேன். எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டாவது கடிதத்தில் கையெழுத்து வைத்தார். முதலாவதுக்கு, கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது.